டோக்கியோவில் ஒரு கருப்பட்டிப் பாகு



நீளமான பதிவு. மூன்று நாளாக எழுதி, அழித்து, மறுபடி எழுதியது. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். பாதியில் விடுவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். பாதி மட்டும் படித்தால் தப்பாகத்தான் புரியும்.

"சார் ஜப்பான்ல பாருக்குப் போனாராம்" என்று ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது என்று தங்கை மகன் சொன்னான். ஆமாம், போனேன். என் மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

மார்ச் நடுவிலிருந்து மகள் வீட்டில், டோக்கியோவில் நிஷி-கசாய் என்ற இடத்தில் இருக்கிறோம். இங்கே நம்மவர்கள் நிறைய. மளிகைக் கடையில் தோசை மாவு கிடைக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது. செர்ரிப் பூக்கள் பூத்த சமயம் பூங்காவில் பேத்தியோடு எடுத்த படத்தை இங்கே போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உள்பெட்டியில் ஒரு செய்தி வந்தது.

"சார், நான் 93-ல உங்ககிட்ட பிளஸ் டூ படிச்சேன். நீங்க நிஷி-கசாயிலயா இருக்கீங்க? நான் கின்ஸாவுல வேலை பார்க்கேன். டீச்சரம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு நாள் வரணும்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "பார்டெண்டர் வேலை சார். அதனால வராம இருந்துராதீங்க."

பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். நாலு நாள் நான் பதில் போடவில்லை.

காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். என் அண்ணன் 1984-இல் 34 வயதில் போனார். கல்லீரல். கடைசி மாதத்தில் அவர் வயிறு வீங்கியிருந்ததையும், கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததையும் நான் பார்த்தேன். அண்ணி அப்போது 27. அதற்குப் பிறகு ஆல்கஹால் பாடம் வரும்போதெல்லாம் நான் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு ஒரு பாடம் நடத்தினேன் என்பது என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், எத்தனால் ஈரலைப் பறிக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அதை இப்போதும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தாம் நாள் மனைவிதான் சொன்னாள். "புள்ள கூப்பிடுதான். நீங்க என்ன குடிக்கவா போறீங்க? அவனப் பாக்கத்தானே போறீங்க."

தோசாய் வரி ரயிலில் கயாபாச்சோ வரை போய், அங்கே ஹிபியா வரிக்கு மாறினால் கின்ஸா. அலுவலகம் விட்டு வருகிறவர்களின் கூட்டம். ஆனாலும் ஒருவரும் பேசவில்லை. அவன் ரயில் நிலையத்துக்கே வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு அரைக்கோட்டு, கழுத்தில் வில் டை. தலை பாதி நரைத்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு வயதாவதைப் பார்ப்பது ஒரு மாதிரியான விஷயம். காலில் விழ வந்தவனை, நடைபாதையில் வேண்டாம்டா என்று பிடித்துக்கொண்டேன்.

பார் என்றதும் நம் ஊர்க் கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குறுகலான கட்டடத்தின் ஆறாவது மாடி. கதவில் கைக்குட்டை அளவு பலகை. உள்ளே எட்டே நாற்காலி, ஒரே மரத்தில் இழைத்த நீண்ட மேசை. பாட்டு இல்லை, சத்தம் இல்லை. ஆய்வுக்கூடத்தை நன்றாகத் துடைத்து விளக்கைக் குறைத்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு ஒன்றை மூங்கில் தட்டில் வைத்து நீட்டினான். "இது எதுக்கு? காசு கேப்பாங்களா?" என்று மனைவி என் காதில் கேட்டாள். கை துடைக்கத்தான். இங்கே எல்லாக் கடையிலும் கொடுப்பார்கள்.

ஓரத்து நாற்காலியில் ஜப்பானியப் பெரியவர் ஒருவர் இருந்தார். எண்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்துத் தலை குனிந்தார், நாங்களும் குனிந்தோம். அவர் கேட்ட பானத்தைத்தான் அவன் எங்கள் கண் முன்னால் செய்து காட்டினான். "சார், பிராக்டிகல் மாதிரி சொல்லிக்கிட்டே செய்யட்டுமா?" என்றான். சொல் என்றேன்.

அதன் பெயர் ஓல்டு ஃபேஷன்டு. பழைய பாணி என்று பொருள். காக்டெயில் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று 1806-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றிடம் ஒரு வாசகர் கேட்டாராம். ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்பு, இந்த நான்கும் சேர்ந்தது என்று ஆசிரியர் பதில் எழுதினார். பிறகு ஆளாளுக்கு அதில் பழம், பல வகை இனிப்பு மது என்று சேர்த்துக்கொண்டே போனதும், சில பேர் "எனக்கு அந்தப் பழைய பாணியிலேயே கொடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. நம் வீட்டிலும் புதுசாக எத்தனை குழம்பு வைத்தாலும் தாத்தா மட்டும் பழைய குழம்புதான் கேட்பார் இல்லையா, அதுபோல.

அந்தக் கசப்பு இருக்கிறதே, அது எனக்குப் பிடித்த பகுதி. அங்கோஸ்துரா என்று ஒரு சின்னப் புட்டி. அதன் மேல் ஒட்டிய காகிதம் புட்டியை விடப் பெரிது, கழுத்து வரை துருத்திக்கொண்டு நிற்கிறது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி. சீகர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் வெனிசுவேலாவில் பொலிவார் படைக்கு வைத்தியம் பார்த்தபோது, வயிற்று மந்தத்துக்கு மருந்தாக 1824-இல் செய்தது. மருந்தாகப் பிறந்தது மதுக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மோந்து பார்த்தேன். கிராம்பும் பட்டையும் நிலவேம்புக் கஷாயமும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை.

இதில் ஜப்பான் எங்கே வருகிறது என்று கேட்டேன். "ஐஸ்லேருந்து ஆரம்பிக்கும் சார்" என்றான்.

குளிர்பெட்டியிலிருந்து செங்கல் அளவு ஐஸ் ஒன்றை எடுத்தான். பிள்ளைகளே, அந்த ஐஸுக்கு அந்தப் பக்கம் அவன் சட்டைப் பொத்தான் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. நம் வீட்டு ஐஸ் ஏன் நடுவில் வெள்ளையாக இருக்கிறது? தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் உறைகிறது. உறையும் நீர், தன்னில் கரைந்திருந்த காற்றைத் தள்ளிவிடும். அது போக வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இங்கே ஐஸ் கடைக்காரர்கள் தண்ணீரை அசைத்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் மெதுவாக உறைய வைக்கிறார்கள். காற்று வெளியேறிவிடும், மிச்சம் சுத்தமான ஐஸ்.

அதைப் பல் வைத்த கத்தியால் அறுத்து, சின்னக் கத்தியால் மூலை மூலையாகச் சீவி, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பி உருண்டையாக்கினான். மூன்று நிமிடம் ஆகவில்லை. முதல் இரண்டு வருடம் அவனுடைய முதலாளி அவனை எந்தப் புட்டியையும் தொட விடவில்லையாம். துண்டு மடிப்பது, கண்ணாடித் தம்ளர் துடைப்பது, ஐஸ் சீவுவது மட்டும். இடது கை நிறையச் சின்னச் சின்ன வெட்டுத் தழும்பு.

"ஏன் உருண்டை, சொல்லுங்க சார்?" என்று என்னையே கேட்டான்.

சொல்லாமல் விடுவேனா? 6 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரே கட்டி ஐஸ் என்றால், வெளிப்பரப்பு 216 சதுர சென்டிமீட்டர். அதையே 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 27 துண்டு. அளவு அதேதான், ஆனால் வெளிப்பரப்பு 648. மூன்று மடங்கு. அதனால் மூன்று மடங்கு வேகத்தில் வெப்பம் ஏறும், பானம் தண்ணீராகிவிடும். இருக்கிற வடிவங்களிலேயே குறைந்த வெளிப்பரப்பு உருண்டைக்குத்தான். மேசை மேல் விரலால் எழுதியே காட்டினேன். ஓரத்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார். அவன் அவருக்கு ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொன்னான். "செந்செய்" என்று அவர் என்னைப் பார்த்து இன்னொரு தடவை குனிந்தார். ஆசிரியர் என்று அர்த்தம். ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் போனது.

அமெரிக்காவில் இதற்கு சோள விஸ்கியோ ரை விஸ்கியோ ஊற்றுவார்கள். இவன் ஊற்றியது ஜப்பான் விஸ்கி. அதற்கு ஒரு வேதியியல் மாணவனின் கதை உண்டு, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மசதகா தகெத்சுரு. ஹிரோஷிமா பக்கம் பரம்பரையாக சாகே காய்ச்சும் குடும்பம். 1918-இல் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போனார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் படித்தார், வடிசாலைகளில் வேலை செய்து நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டார். ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை 1920-இல் இரண்டு வீட்டாரின் மனசுக்கும் விரோதமாகக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். கியோட்டோ பக்கம் யமசாகியில் 1923-இல் தொரீ என்ற வியாபாரி ஆரம்பித்த வடிசாலையை நிறுத்திக் கொடுத்தது இவர்தான். பிறகு பிரிந்து போய், 1934-இல் வடக்கே ஹொக்கைடோ தீவில் யோய்ச்சி என்ற குளிர்ப் பிரதேசத்தில் தனியாகத் தொடங்கினார். விஸ்கி முதிர வருடக் கணக்காகும், அதுவரை சாப்பாட்டுக்கு? ஆப்பிள் சாறு விற்றார். கம்பெனிக்கே பழச்சாறு என்றுதான் பெயர். அந்தப் பெயரின் சுருக்கம்தான் நிக்கா. இந்தத் தம்பதியின் கதையை வைத்து 2014-இல் தொலைக்காட்சித் தொடர் வந்து, ஜப்பானே உட்கார்ந்து பார்த்ததாம்.

யுத்த காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வராமல் போனதால் உள்ளூர் ஓக் மரத்தில், மிசுநாரா என்று பெயர், பீப்பாய் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒழுகும், வேலைக்கு அடங்காத மரம். ஆனால் பல வருடம் ஊறினால் சந்தனம், சாம்பிராணி மாதிரி ஒரு மணம் தருகிறது. மோந்து பார்த்தேன். கோயில் பிரகாரத்தில் மழை பெய்து விட்ட பிறகு வரும் வாசனை. குடிக்கவில்லை. மோந்து பார்த்தது தப்பு என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் யுசு. நாரத்தை மாதிரி மேடு பள்ளமான தோல். குளிர்காலத்தில், பகல் மிகக் குறுகிய நாளன்று, வெந்நீர்த் தொட்டியில் இதை மிதக்கவிட்டு இங்குள்ளவர்கள் குளிப்பார்கள். ஒரு சிட்டிகைத் தோலை அவன் மடித்துப் பிழிந்ததும் எண்ணெய் பனிப்புகை போலத் தெறித்தது. மனைவி கண்ணை மூடி இழுத்து மூச்சு விட்டாள். "ஊறுகா போடலாம்" என்றாள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் குரோமித்சு. கறுப்புத் தேன் என்று பொருள். ஆனால் தேன் இல்லை. ஒகினாவா தீவுகளில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் கறுப்புச் சர்க்கரையின் பாகு. இங்கே பாட்டிமார்கள் இதைப் பலகாரத்துக்கு ஊற்றுகிறார்கள். இவன்தான் அதை இந்தப் பானத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான். மற்ற பார்களிலும் செய்கிறார்கள், தான் கண்டுபிடித்ததில்லை என்று அடித்துச் சொன்னான். இது எனக்குப் பிடித்திருந்தது. பாகு, கசப்பு, விஸ்கி, உருண்டை ஐஸ், நீண்ட கரண்டி. கரண்டி கண்ணாடியில் படும் சத்தம்கூட இல்லாமல் சுற்றினான். பெரியவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடி அப்படியே இருந்தார்.

எங்களுக்கு வேறு செய்தான். விஸ்கிக்குப் பதில் ஹோஜிச்சா, அதாவது வறுத்த தேயிலை. அதைக் கெட்டியாக வடித்து ஆற வைத்தது 60 மில்லி, பாகு ஒரு தேக்கரண்டி, யுசுத் தோல், அதே உருண்டை ஐஸ். வறுத்த வாசனையில் விஸ்கியின் புகை மணம் பாதி வந்துவிடுகிறது. கசப்புக்கு இரண்டு துளி அங்கோஸ்துரா. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஆல்கஹால் உண்டு. இரண்டு துளிதானே சார், வேண்டாமா என்று கேட்டான். விடு என்றேன். எனவே 69 வயதில் அந்த இரண்டு துளி என் கணக்கில் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதோடு இந்தப் பதிவை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முதல் நாள் அப்படித்தான் முடித்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

பானம் கலப்பதற்கு முன்னால் அவன் இரண்டு கரண்டிகளில் பாகு ஊற்றி என் முன்னால் வைத்தான். "ருசி பார்த்துச் சொல்லுங்க சார், ரெண்டும் ஒண்ணா வேறயா?"

முதல் கரண்டி கரும்பு. அதில் சந்தேகமில்லை, லேசான உப்பு, கடலோரத்துச் சர்க்கரை. இரண்டாவதை நாக்கில் வைத்ததும் நான் டோக்கியோவில் இல்லை. கருப்பட்டி. நம் தேரிக்காட்டுக் கருப்பட்டி, ஓலைக் கொட்டானில் வருவது. அம்மா வருடா வருடம் அனுப்பி வைக்கிறாராம். அவன் அதைக் கடையின் பானங்களில் போடுவதில்லை, தனியாக ஒரு இழுப்பறையில் வைத்திருக்கிறான். ஒகினாவாச் சர்க்கரையை முதல்முறை வாயில் போட்ட அன்று வீட்டு ஞாபகம் வந்து பின்கட்டில் போய் நின்று அழுததாகவும், அப்புறம்தான் அம்மாவிடம் கருப்பட்டி கேட்டதாகவும் சொன்னான்.

"சுண்ணாம்பு தெரியுதா சார்?" என்றான்.

அவன் குரலில் எந்த மாற்றமும் இல்லை. தம்ளரைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டான். நான்தான் கரண்டியை வைத்துவிட்டேன்.

1993 ஜூலை. பிளஸ் டூ வகுப்பு, நொதித்தல் பாடம். சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் பட்டால் புளிக்கும், அப்படியானால் பதநீர் மட்டும் ஏன் புளிப்பதில்லை என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இவனை எழுப்பினேன். "நீ சொல்லுல. உங்க வீட்டுத் தொழில்தானே." எழுந்து நின்று சரியாகச் சொன்னான்: "கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவாங்க சார்." கார ஊடகத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது என்று விளக்கிவிட்டு அவனை உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைய பாடத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. நான் சொன்னது வேறு. "நெசமாவே தடவுவாங்களா, இல்ல தடவுன மாதிரி காட்டுவாங்களா?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. கள் இறக்க 1987 முதலே தடை. நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

இதைத்தான் நான் "இன்னொரு காரணம்" என்று மேலே எழுதினேன். இது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு கேலி, கொஞ்சம் அதிகமாகப் போன கேலி என்ற அளவில் ஞாபகம் இருந்தது. அண்ணன் செத்த கோபம் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அண்ணன் குடித்தது கள் இல்லை, சீல் வைத்துக் கடையில் விற்றது. அந்த வகுப்பில் அப்படிப்பட்ட கடையை ஏலம் எடுத்தவரின் மகனும் இருந்தான். அவனை நான் ஒரு நாளும் எழுப்பி நிற்க வைத்ததில்லை. அவன் அப்பா பள்ளி ஆண்டு விழாவுக்கு நன்கொடை கொடுப்பவர். இவன் அப்பா மரம் ஏறுபவர். வித்தியாசம் அதுதான். அதை நான் இப்போதாவது ஒழுங்காக எழுத வேண்டும்.

"ஒகினாவாவுலயும் சாற்றுல சுண்ணாம்பு போட்டுத்தான் காய்ச்சுதாங்க சார். அழுக்குப் பிரியறதுக்கு" என்றான். "நான் போய்ப் பாத்தேன். அங்க யாரும் அவங்களை எதுவும் கேக்கல."

பிறகு எனக்குத் தெரியாததைச் சொன்னான்.

அன்று சாயங்காலமே கூடப் படித்த பையன் ஒருவன் சொல்லி அவன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் இறக்கிய பதநீரில் ஒரு கலயத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். மூன்றரை மணிக்கு அதைத் துணியால் மூடிக்கட்டிப் பள்ளி வாசலில் வந்து நின்றார். வாத்தியார் கலயத்துக்குள் கைவிட்டுச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்க்கட்டும். காலையில் இறக்கினது சாயங்காலம் வரை புளிக்கவில்லை என்பதைக் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அவர் யோசித்தது இவ்வளவுதான். கேள்வி கேட்டவரிடமே சோதனையைச் செய்து காட்ட வந்திருக்கிறார். 30 வருடம் ஆய்வுக்கூடத்தில் நின்ற எனக்கு அது தோன்றவில்லை.

நான் 4.45 பஸ்ஸைப் பிடிக்கப் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். வேண்டுமென்றே இல்லை, தினமும் அப்படித்தான் போவேன். அவர் ஏழு மணி வரை முன்வாசலில் நின்றார். பனையில் காலையும் மாலையும் பாளை சீவ வேண்டும். ஒரு வேளை விட்டால் மறுநாள் சுரப்பு குறையும். "அன்னிக்குச் சாயங்காலம் 30 மரமும் ஏறல சார்."

இருட்டிய பிறகு மகனும் அவருமாக வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் பாதியை அவர் குடித்தார், மீதியை மகனிடம் கொடுத்தார். "இனிப்பாத்தான் இருந்துச்சு" என்றான். அவர் வாழ்நாளில் கள்ளையும் தொட்டதில்லை, வேறு எதையும் தொட்டதில்லை. 2009-இல் இறந்துவிட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, அதுவரை 32 வருடம் வராதது. அந்த மறுநாள் காலையில் காவல்காரர் என்னிடம் சொன்னார்: "நேத்து யாரோ ஒருத்தர் பதநீர் வச்சிக்கிட்டு உங்களைக் கேட்டு நின்னாரு சார்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மார்க்குக்குப் பதநீரா? நல்லா இருக்கே." இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

இதை அவனிடம் சொன்னேன். சொல்லாமல் மறைத்திருக்கலாம், அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளப்பா என்றும் சொன்னேன். அப்போது கதவு திறந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவன் அவர்களை வரவேற்று, துண்டு கொடுத்து, அவர்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். என் தம்ளரைப் பார்த்தான். நான் ஒரு வாய்தான் குடித்திருந்தேன். "ஆறிப்போச்சு சார், வேற தாரேன்" என்று அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகச் செய்தான். இந்தத் தடவை கருப்பட்டிப் பாகு ஊற்றினான். நான் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டானா, இல்லை பாகைக் காட்டும்போது தானாக வந்துவிட்டதா என்றும் தெரியாது. வாசலில் செருப்பை மாட்டும்போது என் மனைவிக்குக் கருப்பட்டி ஒரு வட்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தான். ஜப்பானில் இருந்து கருப்பட்டி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

ரயிலில் அவள் நிஷி-கசாய் வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது, "மூன்றரை மணிலேருந்து ஏழு மணி வரைக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுதுங்க சார், பேரு மட்டும் போடாதீங்க, கடை பேரும் வேண்டாம் என்றான். ஆகவே கமெண்டில் யார் அது என்று ஊகிக்காதீர்கள். 93 பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் அவனை எனக்காகக் கேட்டு எதுவும் எழுத வேண்டாம். அந்தப் பானத்தைச் செய்து பார்க்க விரும்பும் மருமகப் பெண்களுக்கு: ஹோஜிச்சா கிடைக்காவிட்டால் சாதாரணத் தேயிலையை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ளலாம், யுசுவுக்கு நாரத்தைத் தோல் போதும். மீதியை மேலே எழுதியிருக்கிறேன்.

ஜூன் நடுவில் ஊர் திரும்புகிறோம். அவன் அம்மா அந்தப் பழைய வீட்டில்தான் இருக்கிறார். அவன் தம்பி இன்னும் மரம் ஏறுகிறார், ஜூன் கடைசியிலும் பதநீர் இருக்குமாம். போவதாக இருக்கிறேன். தம்பி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அயர்வார், மூன்று மணிக்கெல்லாம் மரத்துக்குக் கிளம்பிவிடுவார் என்று சொன்னான். அதற்கு முன்னால் போய்விட வேண்டும். நம் பக்கத்திலிருந்து அந்த வழியாகப் போகும் முதல் பஸ் இப்போது எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.